சான்சிபாரில் குதிரைச் சவாரியும் டைவிங்கும்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபாரின் உங்குஜா தீவுக்குக் குடும்பத்தோடு செல்லவிருப்பவர்கள், குதிரைச் சவாரியையும் ஸ்கூபா டைவிங்கையும் சேர்த்து ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாகக் கடற்கரையிலேயே வந்து பேசும் தரகர்களிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். பப்பாசி என்று அங்கே அழைக்கப்படும் இத்தகைய தரகர் ஒருவரால், தார் எஸ் ஸலாமிலிருந்து படகேறிச் சென்ற எங்கள் குடும்பத்துக்கும் உடன் வந்த உறவினர்களுக்கும் நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

பஜே கடற்கரையில் குதிரை மேல் அமர்ந்தபடியே கடலில் இறங்கலாம் என்றுதான் அவர் பேசினார். கிழக்குக் கரையில் நீர் வற்றும் வேளையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும் என்பதும், பௌர்ணமி, அமாவாசை நாட்களில் அது இன்னும் கூடும் என்பதும் அங்கேயே பிழைப்பு நடத்துபவருக்குத் தெரியாதிருக்க முடியாது. அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில் கணுக்கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கடற்பாசி வளர்க்கும் பெண்கள் நட்டிருந்த குச்சிகளே வரிசை வரிசையாக வெளியே தெரிந்தன.

குதிரைகளின் நிலை அதைவிட மோசம். என் மகளுக்கு ஒதுக்கிய குதிரை, வயிற்றுவாரை இறுக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக் கடிக்க வந்ததால் சேணத் துணியைத் தூக்கிப் பார்த்தோம். முதுகெலும்பை ஒட்டி, பத்து ரூபாய் நாணய அகலத்துக்குத் தோலுரிந்த புண். அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. தலைக்கவசத்தின் தாடைப்பட்டைக்குக் கொக்கி இல்லாமல் நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். குதிரை ஏன் இப்படி எலும்பும் தோலுமாக இருக்கிறது என்று கேட்டதற்கு, செட்சி ஈயால் வரும் நோய் என்று கூசாமல் சொன்னார். உங்குஜாவில் அந்த ஈ ஒழிக்கப்பட்டதாக 1997-லேயே அறிவித்துவிட்டார்கள்! நாங்கள் ஏறவில்லை.

டைவிங்குக்கு, வடகிழக்குக் கரைக்கு அப்பால் கடலில் உள்ள ம்னெம்பா பவளத்திட்டு என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள், தீவின் வடமுனை ஊரான நுங்வியில் தங்கும் விடுதிகளின் கூரைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே நங்கூரம் போட்டார்கள். உடல்நலப் படிவத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று முன்கூட்டியே குறித்துவைத்து, கையெழுத்து மட்டும் கேட்டார்கள். என் கணவருக்கு ஆஸ்துமா உண்டு. அறிமுக டைவிங்குக்குக் குறைந்தபட்ச வயது 10. எங்களோடு வந்த ஒன்பது வயதுப் பையனுக்குப் பத்து என்று எழுதிவிடச் சொன்னார்கள். ஏறத்தாழ 200 பார் (காற்றழுத்த அலகு) காட்ட வேண்டிய சிலிண்டரின் அழுத்தமானி முள் 130-இல் நின்றது. பயிற்றுநர் அட்டையைக் கேட்டால், அது அறையில் இருக்கிறதாம்.

உறவினர் குடும்பத்துக்கு மறுநாள் காலை விமானம் என்று தெரிந்தே, முந்தைய நாள் பிற்பகலில் அவர்களுக்கு இரண்டு முறை மூழ்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அடுத்தடுத்து மூழ்கியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை டைவிங் நடத்தும் எவரும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். யாரும் தண்ணீரில் இறங்காமலே கரைக்குத் திரும்பினோம்.

தரகரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, படகு எரிபொருளுக்கே செலவாகிவிட்டது என்றார். மாலைக்குள் அவருடைய எண் அணைக்கப்பட்டுவிட்டது. முறையிடச் சென்ற இடத்தில் வழிகாட்டியின் உரிம எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள். ஆகவே உரிம அட்டையையும் ரசீதையும் பணம் கைமாறும் முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; சவாரிக்கு நேரம் குறிக்கும் முன் கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் அன்றைய ஓத அட்டவணையை விடுதியில் கேட்டுப் பாருங்கள்; சேணம் பூட்டுவதற்கு முன்பே குதிரையின் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பணம் இன்றுவரை திரும்பவில்லை.