மாங்கன்று நர்சரிக்கு வெப்சைட்டா, வலைப்பூவா? இரண்டையும் வைத்திருப்பவன் அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் எங்களுக்கு மாங்கன்று நர்சரி. அதற்கென்று ஒரு வெப்சைட்டும் ஒரு வலைப்பூவும் பல வருடமாக வைத்திருக்கிறேன். எதற்கு ரெண்டு என்று போச்சம்பள்ளி சந்தையில் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு.

வெப்சைட்டில் முகப்பு, எங்களைப் பற்றி, ரகங்கள், தொடர்புக்கு என்று நான்கு பக்கம். ஓசூரில் ஒரு தம்பி செய்து கொடுத்தது. பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் ஒரு வரி மாற்றுவதற்கும் அவர் எச்.டி.எம்.எல். கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். அல்போன்சா ஒட்டுக்கன்று தீர்ந்து மாசக்கணக்காகியும் தளத்தில் 'இருப்பில் உள்ளது' என்றே நிற்கும்.

வலைப்பூ பிளாகரில். 1999இல் பைரா லேப்ஸ் தொடங்கி, 2003இல் கூகுள் வாங்கிய அதே சேவைதான். தளத்தை இணையத்தில் வைத்திருக்கக் கட்டும் வாடகை, அதாவது ஹோஸ்டிங் செலவு, கிடையாது. போனிலேயே எழுதி வெளியிட்டால் தேதி, மாதவாரித் தொகுப்பு, ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி எல்லாம் தானாக அமைந்துவிடும். புதியது மேலே, பழையது கீழே. வருகிறவருக்கு நர்சரி இப்போது நடக்கிறதா இல்லையா என்பது முதல் பதிவின் தேதியிலேயே தெரிந்துவிடும். என் வெப்சைட்டில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பின்னூட்டம்தான் எனக்குப் பெரிய லாபம். ஒரு தை மாதம் பூக்கொத்தில் தத்துப்பூச்சி இருக்கும் படம் போட்டேன். பர்கூர்க்காரர் ஒருவர், "அண்ணா, பூவெல்லாம் கருகுது, இலையைத் தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது, அப்புறம் கறுப்பாயிடுது" என்று எழுதினார். பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் பூஞ்சணம் படிவதால் வரும் கறுப்பு அது என்று சொன்னேன். காவேரிப்பட்டணத்திலிருந்து இன்னொருவர் வந்து, கிளைகளைக் கவாத்து பண்ணி வெயில் உள்ளே விழ வைத்தபின் தன் தோப்பில் குறைந்ததாகச் சேர்த்தார். இன்றைக்கும் பதிவை விட அந்தப் பேச்சைத்தான் ஆட்கள் படிக்கிறார்கள். வெப்சைட்டின் தொடர்புப் படிவத்தில் இதே கேள்வி வந்திருந்தால் எங்கள் இருவரோடு போயிருக்கும்.

தொல்லையும் உண்டு. தேடலில் பழைய பதிவு மேலே வந்துவிடும். தேதியை யாரும் கவனிப்பதில்லை. "பெங்களூரா கன்னு இந்த விலைன்னு நீங்களே போட்டிருக்கீங்களே" என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் பதிவில் விலை எழுதுவதை விட்டுவிட்டேன். பிடித்த வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடரை 2013இல் மூடியதும் புதுப் பதிவைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். இப்போது சுட்டியை வாட்ஸ்அப் குழுவில் நானே போட வேண்டியிருக்கிறது. அப்புறம், பேங்கில் கடனுக்குப் போனால் பிளாகர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரிக்கு மரியாதை இல்லை. சொந்த டொமைன், அதாவது நாமே காசு கட்டி வாங்கிய இணைய முகவரி, அச்சடித்த விசிட்டிங் கார்டுக்கு இருக்கிறது.

ஆனால் அந்த டொமைனை பிளாகரோடும் இணைக்கலாம். ரகங்கள், வழி, போன் நம்பர் மாதிரி மாறாத விஷயங்களுக்குத் தேதியில்லாத தனிப் பக்கங்களும் அதிலேயே வைக்கலாம். 2003இல் வலைப்பூ எழுதத்தான் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் வந்தது. இன்று முழு வெப்சைட்டே அதில் கட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கூட மாறாத தகவல் மட்டும் என்றால் பழைய முறை வெப்சைட் போதும். பருவத்துக்குப் பருவம் சொல்ல விஷயம் இருக்கிற நர்சரிக்குப் போதாது. அடுத்த முறை டொமைனுக்கு மட்டும் பணம் கட்டுவேன், ஹோஸ்டிங்குக்கு இல்லை. ஓசூர் தம்பியிடம் சொல்லியாயிற்று.