லூயிவில் சிட்டி எஃப்சி: பேஸ்பால் மைதானத்தில் ஐந்து சீசன்

நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் ஊரில் இரண்டாம் டிவிஷன் கால்பந்து அணி ஒன்று இருக்கிறது, ஆடுவது பேஸ்பால் மைதானத்தில். சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்கிறார். இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் சிட்டியை விடப் பொருத்தமான அணி இல்லை. 2015 முதல் 2019 வரை ஐந்து சீசன் லூயிவில் ஸ்லக்கர் ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானத்தில் ஆடிவிட்டு, 2020இல் சொந்த மைதானத்துக்குக் குடிபோன அணி அது.

யுஎஸ்எல் என்பது அமெரிக்காவின் முதல் நிலைக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸுக்குக் கீழே இருக்கும் லீக். ஆர்லாண்டோ சிட்டி எம்எல்எஸ்ஸுக்கு ஏறியபோது அதன் யுஎஸ்எல் உரிமம் கென்டக்கிக்கு வந்தது. அதைக் கொண்டுவர முன்னின்றவர் வெய்ன் எஸ்டோபினல் என்ற கட்டடக் கலைஞர். ஆர்லாண்டோவில் ஆடிய அயர்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஓ'கானர் முதல் பயிற்சியாளர். 2015இல் லீக் மூன்றாம் டிவிஷன்தான். இரண்டாம் டிவிஷன் தகுதி 2017 ஜனவரியில்தான், அதுவும் தற்காலிகமாகக் கிடைத்தது.

இனி தரை. ஐந்து வருடமும் கண்ணை உறுத்தியது அதுதான்.

ஸ்லக்கர் ஃபீல்ட் 2000இல் லூயிவில் பேட்ஸ் அணிக்காக, பேஸ்பாலுக்கென்றே கட்டப்பட்டது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது, கட்டியவர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் இரண்டு ஆட்டத்தின் அளவுகளுக்கும் இடையில் இருக்கிறது. பேஸ்பாலில் பந்து வீசுபவர் நிற்கும் மேடு 10 அங்குல உயரம், 18 அடி விட்டம். அந்த மேட்டின் நடுவிலிருந்து 95 அடி ஆரத்தில் வளைந்து கிடப்பது களிமண் தரை. ஓடுபவர் தொட வேண்டிய பேஸ் என்ற முனைகளைச் சுற்றிய அந்த மொட்டைத் தரை மொத்தம் சுமார் 10,000 சதுர அடி வரும். இரண்டாம் டிவிஷன் விதி கேட்கும் குறைந்தபட்சக் கால்பந்து ஆடுகளம் 110 யார்டுக்கு 70 யார்டு, அதாவது 69,300 சதுர அடி. அந்தக் களிமண் முழுக்க உள்ளே விழுந்தால் ஆடுகளத்தில் ஏழில் ஒரு பங்கு புல்லே இல்லாத இடம். கோட்டைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுப் பாதியை வெளியே தள்ளலாம். முழுசாகத் தப்ப முடியாது, ஏனென்றால் களிமண்ணுக்கு அப்பால் இருக்கும் புல்வெளியான அவுட்ஃபீல்டின் வேலி குறுக்கே நிற்கும்.

இப்படிப்பட்ட மைதானத்தை மாற்றும் வழக்கமான முறை இது. முதலில் மேட்டை எடுக்க வேண்டும், அல்லது தரை மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டும். பிறகு களிமண்மேல் புல் பத்தை விரிக்க வேண்டும். மண்ணோடு சேர்த்து வெட்டிக் கம்பளம் மாதிரி சுருட்டி வருமே, அதுதான். வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குவது முக்கால் அங்குலத் தடிமன். அதை விரித்து அன்றே ஆடினால் பூட்ஸ் முள் பட்ட இடத்தில் கிழிந்து மடங்கும். வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அத்தனை நாள் யார் தருவார்கள்? அதனால் ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலத் தடிமனில் வெட்டிய பத்தை வேண்டும். வேர் பிடிக்காமலே தன் எடையால் மட்டும் அது இடத்தில் நிற்கும். களிமண்ணையும் அதே ஆழத்துக்குச் சுரண்டி எடுத்திருக்க வேண்டும். எடுக்காமல் மேலே போட்டால் பழைய புல்லும் புதுப் புல்லும் சேரும் இடத்தில் ஒரு படி உருவாகிவிடும். பிறகு உருளை ஓட்டி, இடுக்குகளில் மணல் தூவி, தண்ணீர் விட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கெட்டுப்போவதற்குக் காரணம் அடியில் இருக்கிறது. அவுட்ஃபீல்ட் புல்லுக்குக் கீழே பெரும்பாலும் மணல், பெய்த மழை அப்படியே இறங்கிவிடும். இறுகிய களிமண்ணில் தண்ணீர் இறங்காது, பத்தைக்கும் களிமண்ணுக்கும் நடுவே படலமாகத் தங்கும். மழை நாளில் அந்த இடம் வழுக்கும். வெயில் நாளில் நேர் எதிர்: வேருக்குக் கீழே போக வழி இல்லாததால் பத்தையின் ஓரங்கள் முதலில் காய்ந்து சுருங்கும், தையல் விட்ட துணி மாதிரி இடுக்கு திறக்கும். தரையோடு வரும் பாஸ் அந்த இடுக்கைத் தொட்டதும் அரை அடி எம்பும். பந்தைக் காலடியில் வாங்கத் தயாராக நிற்கும் ஆட்டக்காரருக்கு அது முழங்காலில் வரும். கூர்ந்து பார்த்தால் தெரியும், இந்த மாதிரித் தரையில் ஆடிப் பழகியவர்கள் அந்தப் பகுதியில் முதல் தொடுதலுக்கு உள்ளங்காலை வைக்கிறார்கள், பாதத்தின் பக்கவாட்டை நம்புவதில்லை.

லூயிவிலுக்கு வானிலையும் ஒரு வம்பு. கோடைப் புல்லுக்கும் குளிர்காலப் புல்லுக்கும் இடைப்பட்ட பூமி அது. பெர்முடா என்ற கோடைப் புல் போட்டால் சீசன் தொடங்கும் மார்ச்சில் இன்னும் வைக்கோல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். கென்டக்கி புளூகிராஸ் என்ற குளிர்காலப் புல் போட்டால் ஜூலை வெயிலில் வாடும். இதற்கு மேல் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பேஸ்பால் அணியின் சுமார் 70 உள்ளூர் ஆட்டங்கள். கால்பந்து அட்டவணையோ 2015இல் 28 ஆட்டம், 2018இல் 34 என்று வருடா வருடம் நீண்டுகொண்டே போனது. புல்லுக்கு ஓய்வு எப்போது?

இருக்கைகளும் அப்படித்தான். எல்லாம் பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டைச் சுற்றி வளைந்து, பந்து வீசும் மேட்டைப் பார்த்து நிற்பவை. பேஸ்பாலுக்கு அதிக விலை வைக்கும் முன் வரிசையில் உட்கார்ந்தால் தூரத்து கார்னரில் நடப்பது தெரியவே தெரியாது, கழுத்தும் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எதிர்ப் பக்க டச்லைனுக்கு, அதாவது பக்கவாட்டுக் கோட்டுக்கு, அப்பால் ஆளில்லாத புல்வெளி. அங்கிருந்து சத்தம் திரும்பி வருவதில்லை.

இவ்வளவு சொன்னேனே, இதே தரையில்தான் அந்த அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. 2015இல் மேட் ஃபாண்டி 22 கோல் அடித்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். முதல் இரண்டு சீசனும் கிழக்குப் பிரிவு இறுதி வரை போய் நின்றார்கள், இரண்டாவது முறை பெனால்டியில் போனது. 2017 நவம்பர் 13, திங்கட்கிழமை இரவு, ஸ்வோப் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக இறுதிப் போட்டி. ஸ்லக்கர் ஃபீல்டில் பேஸ்பாலுக்கு இருப்பதே 13,131 இடம், அன்று வந்தவர்கள் 14,456 பேர். 88ஆவது நிமிடத்தில் கேமரன் லங்காஸ்டர் கோல். 1-0.

2018 இன்னும் பெரிய விஷயம் என்பது என் கருத்து. சீசன் நடுவில் ஓ'கானரை ஆர்லாண்டோ அழைத்துக்கொண்டது. புதியவர் வரும் வரை பயிற்சிப் பொறுப்பை மூன்று ஆட்டக்காரர்கள் ஏற்றார்கள்: லூக் ஸ்பென்சர், பாவ்லோ டெல்பிக்கோலோ, ஜார்ஜ் டேவிஸ். அதன்பின் ஜான் ஹாக்வொர்த் வந்தார். நவம்பர் 8 இறுதிப் போட்டியில் எதிரே ஃபீனிக்ஸ் ரைசிங், அதில் செல்சியின் முன்னாள் நட்சத்திரம் டிடியர் ட்ரோக்பா. கோல் அடித்தது அதே லூக் ஸ்பென்சர், மறுபடியும் 1-0. யுஎஸ்எல்லில் அடுத்தடுத்து இரண்டு வருடம் கோப்பையை வென்ற முதல் அணி லூயிவில்தான். நேரில் பார்த்தவர்கள் 7,015 பேர், முந்தைய வருடத்தில் பாதிக்கும் குறைவு. வியாழக்கிழமை இரவு, குளிர், எல்லாம் சரி. ஆனாலும் அந்த அணிக்கு அது போதாது.

சூழல் நன்றாக இருந்தால் தரையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே உண்மையாகவே நடந்தது. ஊரின் போர்பன் விஸ்கிக்குப் பீப்பாய் செய்பவர்களின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்ட 'தி கூப்பர்ஸ்' ரசிகர் குழு, ஊதாப் புகை, மேளம், பக்கத்து ஊர் சின்சினாட்டியோடு ஒஹாயோ ஆற்றின் பெயரால் நடந்த சண்டை ஆட்டங்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்தே வந்து உள்ளே நுழையும் சுகம் இதோடு சேரும்.

புது மைதானம் பற்றிச் சுருக்கமாக. ஊரின் புட்சர்டவுன் பகுதியில் லின் ஃபேமிலி ஸ்டேடியம், 11,700 இருக்கை. 2020 ஜூலை 12இல் பிட்ஸ்பர்கிடம் 1-3 என்று தோற்றுத் தொடங்கியது. கால்பந்துக்கென்றே விரித்த இயற்கைப் புல், நேராக ஆடுகளத்தைப் பார்க்கும் இருக்கைகள், இடுக்கு இல்லை, மேடு இல்லை. ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதிக்கு எஸ்டோபினல் எண்ட் என்று பெயர். 2018 நவம்பரில் விமான விபத்தில் இறந்த அவர் அந்த மைதானத்தைப் பார்க்கவில்லை. பந்து தரையோடு ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த அளவுகோலிலும் இதுவே மேல்.

நண்பருக்கு என் பதில்: எடுங்கள். அணி தொடங்கிய முதல் ஐந்து வருடம் பேஸ்பால் மைதானத்தில்தான் ஆடுகிறது என்றால் அந்த ஐந்து வருடத்துக்கும் எடுங்கள். இரண்டு மைதானத்தில் ஒன்றைத் திரும்பப் பார்க்கலாம் என்றால் ஸ்லக்கர் ஃபீல்டைத்தான் கேட்பேன், அந்தத் தரையோடு சேர்த்தே.

டிக்கெட் எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கோடு எங்கே போடுகிறார்கள் என்று ஒரு ஆட்டத்தின் காணொளியில் பார்த்துவிட்டு, நடுக்கோட்டுக்கு நேராக மேல் வரிசையில் இடம் கேளுங்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குப் பின்னால் கீழ் வரிசை வேண்டாம். பேஸ்பால் அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள்: கால்பந்துக்கு இரண்டு நாள் முன்புவரை அங்கே பேஸ்பால் நடந்திருந்தால் பத்தை புதிது, அன்று தரைப் பாஸ் ஆட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். பேஸ்பால் சீசன் முடிந்த அக்டோபர் ஆட்டங்கள் ஒன்றையும் விடாதீர்கள். களிமண்ணில் புல் நன்றாக வேர் பிடித்திருக்கும், பிளே ஆஃப் என்ற நாக்அவுட் சுற்றும் அதையொட்டித்தான் தொடங்கும்.