நட்சத்திரங்களை ஃபாலோ செய்த 14 வருஷம்: ஒரு கோடம்பாக்கக்காரியின் அனுபவம்

கோடம்பாக்கத்தில் பிறந்தவள் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ நடிகர்களை எல்லாம் அடிக்கடி பார்ப்பீங்களா?" என்பதுதான். பார்த்ததே இல்லை. ஆற்காடு ரோட்டில் ஏவிஎம் உருண்டையைப் பார்த்திருக்கிறேன். ஸ்டுடியோ கேட்டுக்குள் நுழையும் கார்களின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகள் ரசிகையாக இருக்கலாம், ரசிகர் மன்றப் பக்கம் போகக் கூடாது. முதல் நாள் முதல் காட்சி, கட் அவுட், பாலாபிஷேகம் எல்லாம் அண்ணன்மார்களுக்கு. எனக்கும் பக்கத்து வீட்டுத் தோழிக்கும் இருந்த ஒரே வழி கடிதம். நம் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்பினால் கையெழுத்துப் போட்ட போட்டோ வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது. மொட்டை மாடியில் உட்கார்ந்து, விரலை எச்சிலில் நனைத்து அந்தக் கையெழுத்தை மெல்லத் தேய்த்துப் பார்த்தோம். மை கலையவில்லை. அச்சடித்த கையெழுத்து. அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, தேய்த்துப் பார்க்கச் சொன்னது நான் என்பதால்.

அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. 2011-ல் ட்விட்டரில் கணக்கு தொடங்கினேன், ஃபேஸ்புக் அதற்கு முன்பே இருந்தது, இன்ஸ்டாகிராம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. எதில் எந்தப் பிரபலம் எதைப் போட்டாலும் மனசு முதலில் அதைத் தேய்த்துத்தான் பார்க்கிறது. இது அவர் போட்டதா, அட்மின் போட்டதா?

ஆரம்பத்தில் ட்விட்டரில் 140 எழுத்துதான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய அநியாயம். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். 'நன்றி' என்று எழுதினால் மூன்று இல்லை, ஐந்து போய்விடும். 'ஸ்ரீ'க்கு நான்கு. பிடித்த பாடகரைப் பற்றி மனசு விட்டு எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே சிவப்பு எண் வந்து நிற்கும். 2017 நவம்பரில் 280 ஆக்கிய பிறகுதான் தமிழில் ஒருவரை நிம்மதியாகப் பாராட்ட முடிந்தது.

2014 மே மாதம் ரஜினி ட்விட்டருக்கு வந்த அன்று எங்கள் தி.நகர் ஆபீஸில் யாருக்கும் வேலை ஓடவில்லை. 2016 குடியரசு தினத்தன்று கமல் வந்தார். அவர் தமிழை அர்த்தம் பிரித்துச் சொல்ல ஆபீஸில் ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. இவையெல்லாம் கொண்டாட்டங்கள். ஆனால் இந்தச் சமாச்சாரத்தால் நிஜமாகவே ஒரு பிரயோஜனம் உண்டு என்று நான் நம்பியது இந்த இரண்டுக்கும் நடுவில், 2015 டிசம்பர் வெள்ளத்தில்.

அடையாறு பொங்கி ஜாபர்கான்பேட்டையில் என் சித்தி வீட்டுத் தரைத்தளம் மூழ்கிவிட்டது. கரண்ட் இல்லை. போன் அரைமணிக்கு ஒருமுறை ஒரு கோடு சிக்னல் காட்டும். சித்தப்பாவுக்குச் சர்க்கரை, கையில் இருந்த இன்சுலின் தீர்ந்துவிட்டது. அந்த நாட்களில் நடிகர் சித்தார்த், ஆர்ஜே பாலாஜி இருவரின் ட்விட்டர் கணக்குகளும் கன்ட்ரோல் ரூம் மாதிரிதான் ஓடின. எங்கே படகு இருக்கிறது, எந்த மண்டபத்தில் சாப்பாடு, யாருக்கு என்ன மருந்து என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அந்த வரிசையில் கண்ணில் பட்ட ஒரு நம்பருக்குத்தான் நான் குறுஞ்செய்தி அனுப்பினேன். மறுநாள் காலை, முகம் தெரியாத இரண்டு கல்லூரிப் பையன்கள் ஐஸ் டப்பாவில் மருந்தை வைத்து முழங்கால் தண்ணீரில் நடந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வாரம் எதையும் தேய்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அதே ட்விட்டரின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய நடிகரின் படத்தில் இரண்டாவது பாட்டு சுமார் என்று ஒரு வரி எழுதினேன். பாட்டு சுமார்தான், இப்போதும் அதையே சொல்வேன். காலையில் எழுந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் பதில்கள். பாதிக்கு மேல் பெண் என்பதற்காகவே வந்த வசை. ஒருவன் என் பழைய பதிவிலிருந்து என் மகளின் பள்ளிக்கூடப் போட்டோவை எடுத்துப் போட்டான். புகார் கொடுத்தேன், விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. கணக்கைப் பூட்டி இரண்டு மாதம் ஒதுங்கியிருந்தேன். அந்த நடிகர் அன்று இரவு ஒரு பனியன் விளம்பரம் பகிர்ந்திருந்தார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் பெயரில், அவர் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு நடப்பதெல்லாம் அவர் காதுக்கே போகாது என்றால், பக்கத்தில் இருக்கிறோம் என்று நாம் நினைப்பதற்கு என்ன பொருள்?

2019 ஜூலையில் நடிகர் விஜய் இறந்துவிட்டதாக எதிர்த்தரப்பு ரசிகர்கள் ஒரு ஹேஷ்டேக்கை ட்ரெண்ட் ஆக்கினார்கள். அப்போது வெளிப்படையாகக் கடிந்துகொண்டவர்களில் ஒருவர் சினிமாக்காரரே இல்லை, கிரிக்கெட் வீரர் அஸ்வின். அன்றைக்குத்தான் அவரை ஃபாலோ செய்தேன். 14 வருஷத்தில் நான் அழுத்திய ஃபாலோ பொத்தான்களில் உருப்படியானது அது.

2020 ஊரடங்கில் அவர் யூடியூபில் தமிழில் பேச ஆரம்பித்தார். மேற்கு மாம்பலத்துப் பையன் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரியேதான் இருக்கும். 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்ட். அஸ்வினும் விஹாரியும் கடைசி நாளில் 42 ஓவருக்கு மேல் நின்று ஆட்டத்தை டிரா செய்தார்கள். ஸ்டம்ப் மைக்கில் இவருடைய தமிழ் கேட்டது. முதல் நாள் இரவு முதுகுவலியோடு படுத்தவர், காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத நிலையில் இருந்தார் என்பதை அவர் மனைவி ட்விட்டரில் எழுதித்தான் நமக்குத் தெரிந்தது. ஸ்கோர் கார்டில் 128 பந்தில் 39 நாட் அவுட் என்று மட்டும்தான் இருக்கும். அந்த ஷூ லேஸை எந்தப் பேப்பர்காரரும் பார்த்திருக்க முடியாது. எனக்கும் இடுப்புவலி உண்டு. காலையில் செருப்பு மாட்டும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

இன்ஸ்டாகிராமை அதிகம் சொல்ல மாட்டேன். அழகாக இருக்கும், அதுதான் அதன் பிரச்சினையும். தீபாவளி வாழ்த்து, பட்டுப் புடவை, நாய்க்குட்டி, நடுவில் ஒரு பற்பசை. 2016-லிருந்தே பதிவுகள் நேர வரிசையில் வருவதில்லை. பாடகி கச்சேரி அறிவிப்பைத் திங்கட்கிழமை போட்டால் எனக்கு வியாழக்கிழமை காட்டும், டிக்கெட் தீர்ந்திருக்கும். இதற்கு ஒரு வழி உண்டு: மேலே இருக்கும் இன்ஸ்டாகிராம் எழுத்தைத் தொட்டு, நீங்கள் பின்தொடர்பவர்களை மட்டும் காட்டச் சொல்லலாம். ஒவ்வொரு தடவையும் தொட வேண்டும், அதுவாக நிற்காது. பிரபலத்துக்கு நேரடியாக மெசேஜ் அனுப்புவது பற்றிக் கேட்பவர்களுக்கு: ரிக்வெஸ்ட் பெட்டிக்குள் போய் விழும். 2018-ல் ஓர் இசையமைப்பாளருக்கு நான் அனுப்பியது இன்னும் அங்கேதான் கிடக்க வேண்டும். கடிதம் என்றால் தபால்காரராவது அதைத் தொட்டிருப்பார்.

விஜய் 2023 ஏப்ரல் 2-ம் தேதி இன்ஸ்டாகிராமுக்கு வந்தபோது முதல் நாளிலேயே லட்சக்கணக்கில் கூட்டம். ஆனால் அவர் போட்டவற்றில் எனக்குப் பிடித்தது 2020 பிப்ரவரியில் நெய்வேலியில் வேன் மேல் ஏறி நின்று எடுத்த செல்ஃபிதான். அந்த வருஷம் இந்தியாவிலேயே அதிகம் ரீட்வீட் ஆன பதிவு அதுதான் என்று ட்விட்டரே அறிவித்தது. எங்கள் ஆபீஸ் பையனின் மச்சான் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு சாம்பல் நிறப் புள்ளியைக் காட்டி "இதுதான் மேடம்" என்றான். கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்தப் புள்ளியை பிரேம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

அஜித்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டுக்குள் விட மாட்டார்கள், என் சித்தி பையன் அவருடைய ரசிகன். 2011-லேயே மன்றங்களைக் கலைத்துவிட்டார், சமூக வலைத்தளம் எதிலும் இல்லை, சொல்ல வேண்டியது மேலாளர் வழியாக அறிக்கையாக வரும். அவர் இல்லாத இடத்தில் ரசிகர்கள் யாரிடம் கேட்பார்கள்? கிடைத்தவர்களிடம் எல்லாம் கேட்டார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பவுண்டரி ஓரம் நின்ற இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடம் அஜித்தின் 'வலிமை' படத்து அப்டேட் கேட்டது ஊருக்கே தெரியும். அஜித் அறிக்கை விட்டு கண்ணியமாக நடந்துகொள்ளச் சொன்னார். சித்தி பையன் அன்று அந்த ஸ்டாண்டில்தான் இருந்தான். "நீயும் கத்தினியாடா?" என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை.

இனி அம்மா கதை. அவருக்கு அப்போது 67 வயது. 2020 ஊரடங்கில் என் பழைய போனைக் கொடுத்து ஃபேஸ்புக் போட்டுக் கொடுத்தேன், ஒரே காரணம் எஸ்.பி. பாலசுப்ரமணியம். நிவாரண நிதி திரட்ட, ரசிகர்கள் கேட்ட பாட்டுகளை அவர் வீட்டிலிருந்தே ஃபேஸ்புக்கில் பாடிக்கொண்டிருந்தார். மேடை இல்லை, ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்துதான் போன் முன்னால் உட்காருவார். "அவர் நம்மளைப் பார்க்க முடியாதும்மா" என்றால், "எனக்குத் தெரியும்டி, இருந்தாலும்" என்பார். வாய்ஸ் டைப்பிங்கில் தன் விருப்பப் பாட்டைச் சொல்வார், போன் அதை வேறு ஏதோவாக எழுதும், அப்படியே அனுப்பிவிடுவார். ஒரு நாளும் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. குறையும் பட்டுக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 5-ம் தேதி அதே பக்கத்தில் அந்த வீடியோ வந்தது. லேசான தொற்றுதான், மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன், யாரும் கவலைப்பட்டு போன் செய்ய வேண்டாம் என்று அவரே பேசினார். போன் நம்பரே தெரியாத அம்மா, "சரி, பண்ணல" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் மகன் சரண் போடும் வீடியோக்களுக்காகக் காத்திருப்பதே வீட்டு வேலையாகிவிட்டது. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு அவர் பாட்டுகளை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திக்கச் சொல்லி பாரதிராஜா அழைத்திருந்தார். எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளில் நான்கைந்து பாட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்டன. எதிர்வீட்டுக்காரர் அழுதார். அவரை அதற்கு முன் வாட்டர் டேங்க் சண்டையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை மதியம் அவர் போய்விட்டார். அம்மா அந்த வாரம் போனைத் தொடவில்லை.

2023-ல் அம்மா ஏமாந்ததையும் எழுதிவிடுகிறேன், இதைப் படித்து யாராவது ஒருவர் தப்பித்தாலும் நல்லது. ஒரு பிரபல பாடகர் பெயரில், அவர் படத்தோடு, "நீங்கள் என் நீண்டகால ரசிகை என்று தெரியும்" என்று நல்ல தமிழில் மெசேஜ். பத்து நாள் நலம் விசாரித்திருக்கிறான். பிறகு, ரசிகர்களை நேரில் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு அடையாள அட்டைக் கட்டணம் என்று 5,000 ரூபாய். அனுப்பிவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். தாமதித்ததால் பணம் திரும்பவில்லை. தெரிந்த உடனேயே அழைத்திருந்தால் வாய்ப்பு இருந்திருக்கும். நீல டிக் பார்த்து நம்பலாம் என்று முன்பெல்லாம் நானே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த வருஷம் ஏப்ரலில் ட்விட்டர் பழைய டிக்குகளை எடுத்துவிட்டு, காசு கொடுத்தவர்களுக்கு வைத்தது. அந்தப் பாடமும் போச்சு. அம்மா வருத்தப்பட்டது பணத்துக்காக இல்லை. "பத்து நாள் நல்லாத்தான்டி பேசினான்" என்றார்.

இப்போது நான் நோட்டிஃபிகேஷன் வைத்திருப்பது இரண்டே கணக்குகளுக்கு. ஒன்று அஸ்வின், இன்னொன்று ஒரு கர்நாடக இசைப் பாடகி. மற்றவர்களைத் தோன்றினால் போய்ப் பார்ப்பேன். வாரத்தில் ஒரு நாள் இன்ஸ்டாகிராமை போனிலிருந்தே எடுத்துவிடுகிறேன், திங்கட்கிழமை திரும்பப் போட்டுவிடுவேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2025 பிப்ரவரியில் நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் அவர் வீடு இருக்கும் தெருவுக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் சாலை என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து அம்மாவை அழைத்துப் போனேன். பலகையின் அடியில் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தானே செல்ஃபி எடுத்தார். நான்கு எடுத்தார், மூன்றில் பலகை விழவில்லை. நான்காவதை ஃபேஸ்புக்கில் ஏற்றிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதுல அவரை டேக் பண்ணணும்னா எங்கடி அழுத்தணும்?"