அரிப்பு நின்னுச்சு, உச்சா நிக்கல – பிரெட்னிசலோன் மாத்திரை, எங்க மணியோட அனுபவம்

5-க்கு 3 ஸ்டார்.

எங்க நாய் மணிக்கு ஏழு வயசு, 12 கிலோ, அலர்ஜி அரிப்புக்கு வெட் (கால்நடை டாக்டர்) எழுதிக் குடுத்தது. மாத்திரை வேலை செய்யுது, அதுல குறை சொல்ல முடியாது, ரெண்டாவது நாளே பாதத்தக் கடிச்சுப் புண்ணாக்குறத நிறுத்திட்டான், சொறியறப்போ காலர் மணி சலசலன்னு அடிக்கிற சத்தம் இல்லாம நாங்களும் நிம்மதியா தூங்கினோம். ஒரே ஒரு ராத்திரி.

மூணாவது நாள் விடியக்காலைல எந்திரிச்சா ஹால்ல குளம் கட்டி நிக்குது. வீட்டுக்குள்ள உச்சா போயே பல வருஷம் ஆச்சு, அவன் என்னடான்னா கதவோட ஒட்டிப் படுத்துக்கிட்டு என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்குறான், நானும் விவரம் தெரியாம திட்டித் தொலைச்சிட்டேன், அது இன்னும் உறுத்துது. அன்னிக்கு ராத்திரி தண்ணிக் கிண்ணத்த ஒளிச்சு வெச்சேன், பாத்ரூம் பக்கெட்ல தலைய விட்டுட்டான்.

அப்புறம்தான் பாட்டில்ல அளந்து ஊத்திப் பாத்தேன், ஒரு நாளைக்கு 1.6 லிட்டர்! கிலோவுக்கு 100 மில்லிய தாண்டினாலே ஓவர்னு கணக்கு, அப்படிப் பாத்தா இவனுக்கு 1.2 லிட்டர்தான் எல்லை. விஷயம் என்னன்னா இந்த மாத்திரை ஒரு ஸ்டீராய்டு, கிட்னிகிட்ட தண்ணியப் பிடிச்சு வைன்னு சொல்ற ஹார்மோன சரியா வேலை செய்ய விடாது, உச்சா தண்ணியா கொட்டுது, போனத ஈடுகட்டத்தான் அவன் குடிக்கிறான். கிண்ணத்த எடுத்துட்டா உடம்பு வறண்டு போகும், அந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க.

பயந்துபோய் மாத்திரையையும் சட்டுனு நிறுத்திடாதீங்க. கொஞ்ச நாள் குடுத்துட்டாலே உடம்பு தன்னோட சொந்த ஸ்டீராய்டு சுரக்கிறத குறைச்சுக்கும், அதனால டோஸ படிப்படியாத்தான் இறக்கணும், அதுவும் வெட் சொல்ற கணக்குல. வலிக்குக் குடுத்த மெலாக்சிகாம் பழசு மிச்சம் இருந்தா கூடச் சேத்துக் குடுத்துடாதீங்க, வயித்துல புண்ணு வந்துடும். எங்களுக்கு யூரின் டெஸ்ட்டும் எடுத்தாங்க, ஏன்னா ஸ்டீராய்டு ஓடுறப்போ இன்ஃபெக்ஷன் வந்தாலும் எரிச்சல் வெளிய தெரியாம அமுங்கிக் கிடக்குமாம். நல்லவேளை ஒண்ணும் இல்ல.

ரெண்டு ஸ்டார் குறைச்சது மருந்துக்காக இல்ல, எழுதிக் குடுத்தப்போ இதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அதுக்காக. "ராத்திரி ஒருவாட்டி எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லியிருந்தா போதுமே.

இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள் டோஸ், அஞ்சு நாளா ஹால் காஞ்சிருக்கு. மாத்திரையால வந்த அதிகப் பசியும் மூச்சு வாங்குறதும் மட்டும் இன்னும் முழுசா அடங்கல. அடுத்த தடவை அரிப்பு வந்தா ஸ்டீராய்டு இல்லாத ஓக்லாசிடினிப் இவனுக்கு ஒத்துவருமான்னு கேக்கணும்.