வீட்டு போனுக்கு ஆன்சரிங் மெஷினா, கம்பெனி வாய்ஸ்மெயிலா?

எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் வீட்டு போன் இணைப்பை மறுபடி எடுத்திருக்கிறார். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து ஆறு மாதம் தங்கப் போகிறார்கள். இன்டர்நெட்டோடு சேர்த்து வாங்கினால் பெரிய செலவில்லை. கைபேசித் திரையைத் தேய்த்துப் பழகாத அம்மாவுக்கு, எடுத்து "ஹலோ" சொல்ல ஒரு ரிசீவர் வேண்டும். அதெல்லாம் சரி. "அண்ணா, ஆன்சரிங் மெஷின் ஒன்று வாங்கி மாட்டவா, இல்லை கம்பெனி தருகிற வாய்ஸ்மெயிலே போதுமா?" என்று கேட்டார். நாம் எடுக்காத போனில் கூப்பிட்டவர் சொல்வதை வீட்டிலேயே பதிந்து வைக்கும் கருவி ஆன்சரிங் மெஷின். அதே வேலையைப் போன் கம்பெனி தன் இடத்தில் செய்து தருவது வாய்ஸ்மெயில்.

நான் நியூ ஜெர்சிக்கு வந்தது 1994-ல். கேசட் மெஷின், சிப் மெஷின், கம்பெனி வாய்ஸ்மெயில், கூகுள் வாய்ஸ் என்று நான்கையும் வைத்துக் குடித்தனம் நடத்தியாகிவிட்டது. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வசதிப் பட்டியலைப் பார்த்து இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் வீட்டுக்கு யார் கூப்பிடுவார்கள்? செய்தி வந்திருப்பதை வீட்டில் யார் கவனித்து எடுப்பார்கள்? இந்த இரண்டைக் கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கேசட் மெஷின்: அப்பாவின் எழுபது ரூபாய்

இது இப்போது புதிதாகக் கிடைக்காது. பழைய சாமான் விற்கும் இடத்தில்தான் தேட வேண்டும். ஆனாலும் மற்றவற்றின் அருமை புரிய இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டென்மார்க்கின் வால்டமார் பவுல்சன் 1898-லேயே எஃகுக் கம்பியில் குரலைக் காந்தப் பதிவாக ஏற்றிக் காட்டிவிட்டார். போனில் வரும் செய்தியைப் பிடித்து வைப்பதும் அவர் எண்ணத்தில் இருந்தது. அமெரிக்க வீடுகளுக்கு அது வந்து சேர அப்புறம் எழுபது வருடத்துக்கு மேல் ஆனது. தன் லைனில் அடுத்தவர் கருவியை மாட்ட போன் கம்பெனி விடாததும் அதற்கு ஒரு பெரிய காரணம். 1968-ல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் வந்த உத்தரவு அந்தப் பூட்டைத் திறந்தது. 1971-ல் ஃபோன்மேட் என்ற ஆன்சரிங் மெஷின் வந்தது. எடை பத்து பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ. பிடிக்கும் செய்தி இருபது.

நான் வாங்கியது அதன் பேரப்பிள்ளை மாதிரி ஒன்று, ஒற்றைக் கேசட் மெஷின். ஒரே நாடாவின் தொடக்கத்தில் நம் வரவேற்பு, அதன் பின்னால் வந்த செய்திகள். யாராவது கூப்பிட்டால் மெஷின் வரவேற்பைப் பாடிவிட்டு, நாடாவைக் கடைசிச் செய்தி வரை விறுவிறுவென்று ஓட்டிப் போய், அப்புறம்தான் "பீப்" போடும். ஏழெட்டுச் செய்தி சேர்ந்துவிட்டால், அவ்வளவு நேரமும் கூப்பிட்டவர் எதுவும் கேட்காமல் காத்து நிற்க வேண்டும்.

உள்ளூர்க்காரருக்கு அது வெறும் எரிச்சல். தஞ்சாவூரில் ஐஎஸ்டி பூத்தில் நிற்கும் என் அப்பாவுக்கு அது பணம். மெஷின் எடுத்ததும் பூத்து மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்துவிடும். என் வரவேற்போ ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று இருபத்தைந்து நொடி. நாடா ஓட இன்னும் பத்து. அப்பா பீப் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். எனக்குக் கிடைப்பது "வெச்சிடறேன்" என்ற ஒரே சொல். அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார்: "உன் மெஷினோடு பேசியதில் எழுபது ரூபாய் போயிற்று." அன்றைக்கே வரவேற்பை எட்டு நொடிக்குக் குறைத்தேன். எந்த வகை வைத்திருந்தாலும் வரவேற்பு பத்து நொடியைத் தாண்டக் கூடாது என்று இன்றைக்கும் பிடிவாதமாகச் சொல்வேன்.

இரட்டைக் கேசட் மெஷினில் இந்தத் தொல்லை இல்லை. வரவேற்புக்கென்று முடிவில்லாமல் சுற்றும் குட்டி நாடா ஒன்று, செய்திக்கு வேறொன்று. பீப் உடனே வந்துவிடும். பழசுதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இதைப் பார்த்து வாங்குங்கள்.

அந்தக் கால மெஷின்களின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்: 2, 4, டோல் சேவர். மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனம். புதுச் செய்தி இருந்தால் இரண்டாவது ரிங்கில் மெஷின் எடுக்கும், இல்லாவிட்டால் நான்காவதில். வெளியிலிருந்து நம் வீட்டுக்கே கூப்பிட்டு, மூன்றாவது ரிங் கேட்டுவிட்டால் செய்தி எதுவும் இல்லை என்று அர்த்தம். உடனே வைத்துவிடலாம், காசு இல்லை. மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்தத் தெரிந்த நமக்கு இதை யாரும் இரண்டு முறை விளக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்துப் பொதுப் போனில் கால் டாலர் போட்டுக் கூப்பிடுவேன். மூன்றாவது ரிங் கேட்டதும் ரிசீவரை மாட்டினால் நாணயம் கிளிங்கென்று திரும்பி விழும்.

சிப் மெஷின்: ஒன்பது வோல்ட் பேட்டரியும் ஒரு அந்நியக் குரலும்

நாடா போய் நினைவகச் சிப் வந்ததும் காத்திருப்பு ஒழிந்தது. வேண்டாத செய்தியை மட்டும் அழிக்கலாம், எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தது என்று மெஷினே சொல்லும். கடிகாரத்தைச் சரிசெய்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். இல்லையென்றால் வாரம் முழுக்க வந்த செய்தி எல்லாம் ஞாயிறு நள்ளிரவில் வந்ததாகிவிடும். கார்ட்லெஸ் போனோடு சேர்ந்து வரும் பெரும்பாலான மெஷின்களில் பதிவு நேரம் ஏறக்குறைய கால் மணி நேரம். வீட்டுக்கு அது தாராளம்.

இதில் நான் பட்ட அடி பேட்டரி. ஆரம்பகால சிப் மெஷின்களுக்கு அடியில் ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டு வைக்க வேண்டும். கரண்ட் போனால் நினைவைக் காப்பாற்றுவது அதுதான். நான் போடவில்லை. ஒரு கோடை இடிமழையில் கரண்ட் போய் வந்தபோது செய்திகளோடு என் வரவேற்பும் போய்விட்டது. மெஷினைச் செய்த கம்பெனி ஏற்றி அனுப்பிய ஆங்கிலக் குரல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாரம் சொந்தக்காரர்கள் எல்லாம் "ராங் நம்பர்" என்று வைத்திருக்கிறார்கள். இப்போது வருபவை கரண்ட் போனாலும் பெரும்பாலும் மறப்பதில்லை. ஆனாலும் வாங்கும்போது அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

கம்பெனி வாய்ஸ்மெயில் எவ்வளவு முயன்றாலும் மெஷினோடு போட்டி போட முடியாத இடம் ஒன்று உண்டு. பேசுகிறவர் பேசும்போதே அவர் குரல் ஸ்பீக்கரில் கேட்கும். கார் வாரண்டி விற்கிறவனா, நம்மவர்களா என்று சமையலறையில் நின்றபடியே தெரிந்துவிடும். நம்மவர் என்றால் ஓடிப் போய் எடுக்கலாம், மெஷின் தானே விலகிக்கொள்ளும். என் அத்தை எங்களோடு இருந்த வருடம் இப்படித்தான் போனைக் கையாண்டார். மணி அடித்தால் எடுக்க மாட்டார். குரல் கேட்கும் வரை மோடாவில் உட்கார்ந்திருப்பார். "நம்ம ராஜிதான்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போவார். மோசடிக்காரர்கள் வயதானவர்களைக் குறிவைத்துக் கூப்பிடும் ஊரில் இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரிந்து இல்லை.

கம்பெனி வாய்ஸ்மெயில்

இதன் பலமும் சின்னதில்லை. நீங்கள் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கூப்பிட்டால் மெஷினுக்கு அது தெரியாது, வாய்ஸ்மெயில் பிடித்துவிடும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பிடிக்கும். இப்போதைய ஃபைபர், கேபிள் இணைப்புகளில் இது முக்கியம். செம்புக் கம்பி லைன் கரண்ட் போனாலும் உயிரோடு இருக்கும், இவற்றின் பெட்டி அணைந்தால் போனும் அணைந்துவிடும். பல கம்பெனிகள் செய்தியை ஒலிக்கோப்பாக மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுகின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

சரி, செய்தி வந்திருப்பது வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் விட்டு விட்டு ஒலிக்கும். அதுதான் அறிவிப்பு. காரணமில்லாமல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறவர் யார்? சில போன்களில் ஒரு சின்ன உறை வடிவம் திரையில் வரும், அதைக் கவனிக்கக் கண்ணாடி போட வேண்டும். அப்புறம் நட்சத்திரக் குறி, எண், ரகசிய எண், "செய்திகளைக் கேட்க ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு ஆங்கிலப் படிக்கட்டு. மெஷினிலோ சிவப்பு விளக்கு மினுக்கினால் பெரிய பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்தச் செய்திகள் உங்களுடையவை அல்ல. குறிப்பிட்ட நாள் ஆனதும் தாமாக அழிந்துவிடும், சேமித்து வைத்தாலும் நீங்கள் அந்தக் கம்பெனியில் இருக்கும் வரைதான். ஒரு முறை வேறு கம்பெனிக்கு மாறியபோது என் எண் மட்டும் கூடவே வந்தது. என் மகள் மூன்று வயதில் பாட்டி வீட்டிலிருந்து பேசி, நான் மாதாமாதம் மறுபடி சேமித்து வைத்திருந்த செய்தி வரவில்லை. வாடிக்கையாளர் சேவைப் பெண் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார், பழைய வாய்ஸ்மெயில் பெட்டி மூடியாகிவிட்டது என்று. அப்பாவின் "வெச்சிடறேன்" இன்னமும் என் மேசை இழுப்பறையில் கேசட்டாக இருக்கிறது.

பாதுகாப்பில் இரண்டுமே சுமார்தான். வெளியிலிருந்து மெஷினைக் கூப்பிட்டுக் கேட்கும் ரகசிய எண் பல மாடல்களில் இரண்டே இலக்கம், நூறு வாய்ப்புக்குள் அடங்கிவிடும். பலர் கடையில் வந்த எண்ணை மாற்றுவதே இல்லை. கம்பெனிப் பெட்டிகளும் கோட்டை இல்லை. லண்டனில் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் பத்திரிகை 2011 ஜூலையில் மூடப்பட்டதே, அடுத்தவர் வாய்ஸ்மெயிலைத் திருட்டுத்தனமாகக் கேட்ட விவகாரத்தில்தான். எது வைத்தாலும் முதல் நாளே எண்ணை மாற்றுங்கள்.

இன்டர்நெட் வழியாகப் போன் எண்ணும் வாய்ஸ்மெயிலும் தரும் கூகுள் வாய்ஸ் பற்றி ஒரு பத்தி போதும். 2009-ல் வந்தது, கட்டணமில்லை, பேசியதை எழுத்தாக்கியும் தரும். தமிழில் பேசினால் அந்த எழுத்தைத் திருமண வீட்டில் படித்துக் காட்டலாம், அவ்வளவு சிரிப்பு. "மாமா வந்தாச்சு" என்று அக்கா சொன்னதை, மாமா எதையோ தொட விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தது. இது கைபேசியோடு புழங்குகிறவர்களுக்கானது, வீட்டு ரிசீவரோடு இருப்பவர்களுக்கு அல்ல.

இரண்டையும் வைத்தால் என்ன?

வைக்கலாம், தம்பி வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஆனால் யார் முதலில் எடுப்பது என்று ரிங் கணக்கில் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் ஒரு ரிங் இரண்டு நொடி ஒலி, நான்கு நொடி அமைதி, ஆக ஆறு நொடிச் சுற்று. நான்கு ரிங் என்றால் இருபத்து நான்கு நொடிக்குள் முடிந்துவிடும். மெஷினை நான்கில் வைத்து, கம்பெனி வாய்ஸ்மெயிலை ஆறுக்கோ அதற்கு மேலோ தள்ளிவிட்டோம். மெஷின்தான் எப்போதும் முந்தும். லைன் வேறு பேச்சில் இருந்தாலோ கரண்ட் இல்லாவிட்டாலோதான் கம்பெனி பெட்டிக்குப் போகும், அது தம்பியின் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். மிளகாய்ப்பொடி விற்கிற அக்கா அம்மாவுக்கு விட்ட செய்தி அம்மாவிடமே நிற்கும்.

இந்த ரிங் கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதைத் திருச்சியில் அண்ணன் வீட்டில் கற்றேன். இங்கே வாங்கிய மெஷினை 230 வோல்ட்டுக்கு ஏற்ற அடாப்டரோடு கொண்டுபோய் மாட்டினேன். நம்மூர் மணி "ட்ரிங் ட்ரிங்" என்று இரட்டையாக அடிக்கும், சுற்று மூன்றே நொடி. நான்கு ரிங் பன்னிரண்டு நொடிக்குள் தீர்ந்துவிட, முழங்கால் வலியோடு அண்ணி எழுந்திருப்பதற்குள் மெஷின் பேச ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்டவர் வைத்த பிறகும் அதற்குப் புரியாமல் எங்கேஜ் டோனை ஒரு நிமிடம் பதிந்துகொண்டிருந்தது வேறு.

தம்பி வீட்டில் மாட்டும்போது நடந்த தப்பு ஒன்றே ஒன்று, எல்லாரும் செய்வது. மெஷினின் பின்னால் இரண்டு ஓட்டை ஒரே மாதிரி இருக்கும். "லைன்" என்று போட்டதில் இன்டர்நெட் பெட்டியிலிருந்து வரும் கம்பி, "டெல்" என்று போட்டதில் மேசைப் போன். அவர் மாற்றிச் சொருகிவிட்டு மெஷின் செத்துப் பிறந்தது என்றார். போன் கம்பியிலேயே இன்டர்நெட்டும் வரும் டிஎஸ்எல் இணைப்பு உள்ளவர்கள் நடுவில் ஃபில்டர் ஒன்றும் போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாச் செய்தியிலும் இரைச்சல் கலந்திருக்கும்.

வரவேற்பில் "வீட்டில் யாரும் இல்லை" என்று சொல்ல வேண்டாம் என்றேன், திருடனுக்கு எதற்கு அழைப்பிதழ். "இப்போது போனை எடுக்க முடியவில்லை, பேரையும் எண்ணையும் சொல்லுங்கள்" என்றால் போதும். அவர் அம்மாவையே பேசச் சொன்னோம். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெஷினிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, மேடையில் பேசுவதுபோல் பேசினார். சரியாக "எண்ணையும்" என்னும் இடத்தில் உள்ளே குக்கர் விசில் அடித்தது. மறுபடி பதியலாம் என்று தம்பி சொல்லிப் பார்த்தார். "இதுவே இருக்கட்டும்ப்பா, இன்னொரு தடவை எனக்கு வராது" என்றார் அம்மா. நேற்றுக் கூப்பிட்டேன். எட்டு நொடி, நடுவில் விசில், உடனே பீப்.