2200 என்று ஒட்டியிருந்த பேட்டரி: ஆர்சி விமானம் கட்டத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தெர்மாகோலிலோ ஃபோம் போர்டிலோ சொந்தமாக ரிமோட் விமானம் கட்டலாம் என்று ஆசைப்பட்டு, மோட்டார் முதல் பேட்டரி வரை எல்லாம் ஒரே பெட்டியில் வரும் 'காம்போ'வைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா மகன் அப்படி ஒரு பெட்டி வாங்கினான். அதில் வந்த பேட்டரி போலி, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்கள் போலி, மோட்டார் யாரோ ஏற்கெனவே கீழே போட்டு உடைத்தது. பணம் போனது கூடப் பரவாயில்லை. அந்த பேட்டரி ஒரு வீட்டைக் கொளுத்தியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விற்றவரின் பெயரைப் போடவில்லை. அவர் விற்கும் இணையப் பக்கம் ஒரு முறை பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. அதே படங்கள், அதே விலைப்பட்டியல், வேறு பெயர். நாளை இன்னொரு பெயர் வரும். பெயரைவிட, பொருளை எப்படிப் பரிசோதிப்பது என்பதுதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

பையன் கோபிசெட்டிபாளையம் பக்கம் பாலிடெக்னிக் படிக்கிறான். விடுமுறையில் மொபைல் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த காசு. நான் கல்லூரியில் என்சிசி ஏர் விங்கில் இருந்தபோது பால்சா மரத்தில் மாடல் கட்டக் கற்றுக்கொண்டவன், அதனால் வடிவமைப்பில் கூட இருந்தேன். பொருட்களை அவனே தேர்ந்தெடுத்தான். 2212 வகை 1000 கேவி மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, நான்கு 'மெட்டல் கியர்' சர்வோ, மூன்று செல் கொண்ட (3எஸ்) 2200 எம்ஏஎச் கொள்ளளவுள்ள லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பத்து இன்ச் ப்ரொப்பல்லர், சார்ஜர். எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். தனித்தனியாக வாங்கினால் ஆகும் விலையைவிட ஐந்நூறு அறுநூறு ரூபாய்தான் குறைவு. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பாதி விலைக்கு விற்பவனைவிட, கொஞ்சமே குறைத்து விற்பவன்தான் ஆபத்தானவன்.

விமானத்தை அவன் கட்டிய விதத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் மனசு நிறைந்திருக்கும். 1.2 மீட்டர் இறக்கை, உடம்புக்கு மேலே இறக்கை அமைந்த, பழகுபவர்களுக்கான டிரெயினர் வடிவம். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை அளந்து வெட்டி, மடிப்பு வரும் இடத்தில் பாதி ஆழத்துக்குக் கீறி, சூட்டுப் பசை வைத்து ஒட்டினான். இறக்கைக்குள் மூங்கில் குச்சி. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டருக்கும், இடவலம் திருப்பும் ரட்டருக்கும் போகும் கம்பி, பழைய சைக்கிளின் ஸ்போக்ஸ். இறக்கையை உடம்போடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தான், அடிபட்டால் இறக்கை முறியாமல் கழன்று வர வேண்டும் என்பதற்காக.

சமநிலை பார்க்கும்போதுதான் முதல் குழப்பம். இந்த மாதிரி விமானத்தில் எடையின் மையம், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரையான இடத்தில் விழ வேண்டும். வரைபடத்தில் கணக்கெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பேட்டரியை மூக்கு வரை தள்ளிய பிறகும் வால் தொங்கியது. கடைசியில் மூக்கில் போல்ட் நட்டுகளை வைத்து ஒட்டிச் சரிசெய்தோம். ஏன் அப்படி ஆயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

அறுவடை முடிந்த வயலில் பறக்கவிட்டோம். நன்றாகத்தான் ஏறியது. அந்த மோட்டாருக்கும் ப்ரொப்பல்லருக்கும் 2200 எம்ஏஎச் பேட்டரி பத்து நிமிடம் தாராளமாக வரும். பாதுகாப்புக்காக ரிமோட்டில் ஆறு நிமிடத்துக்கே டைமர் வைத்திருந்தேன். டைமர் அடிக்கும் முன்பே, ஏற்றத்தில் இருந்தபோது மோட்டார் நின்றது. பேட்டரி வோல்டேஜ் சரிந்ததும் ஈஎஸ்சி மோட்டாரை மட்டும் நிறுத்திவிடும், சர்வோக்களுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அதனால் சறுக்கியபடியே கொண்டுவந்து இறக்கிவிட முடியும். திருப்பிக் கொண்டும் வந்தேன். தரையை ஒட்டி மூக்கைத் தூக்கும் நேரத்தில் எலிவேட்டர் அசையவில்லை. மூக்கு குத்தி விழுந்தது. வரப்பில் இருந்தவர்களுக்குப் பத்தடி தள்ளி. அவர்களில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது.

அன்று இரவு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தோம்.

பேட்டரியிலிருந்து தொடங்குகிறேன். 3எஸ் 2200 எம்ஏஎச் லிப்போ ஒன்று, வயரோடு சேர்த்து ஏறத்தாழ 170 முதல் 190 கிராம் வரை இருக்கும். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தால் இது 126 கிராம் காட்டியது. 1300, 1500 எம்ஏஎச் பேட்டரிக்கு உரிய எடை அது. ஸ்டிக்கரில் எந்த எண்ணை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். உள்ளே இருக்கும் வேதிப்பொருளைக் குறைத்துவிட்டு எடையைக் குறையாமல் வைத்திருக்க முடியாது. மூக்கில் நட்டு ஒட்ட வேண்டி வந்ததற்கும் இதுதான் காரணம். வர வேண்டிய ஐம்பது கிராமுக்கு மேல் வரவேயில்லை.

உறுதிசெய்துகொள்ள என்னுடைய பி6 வகை சார்ஜரில் போட்டேன். ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட் வரை இறக்கிவிட்டு, மூன்று செல்லும் 4.2 வோல்ட், அதாவது மொத்தம் 12.6 வோல்ட் வரும்வரை ஏற்றினால், எத்தனை எம்ஏஎச் உள்ளே போனது என்று அது காட்டும். 2200 பேட்டரி என்றால் இரண்டாயிரத்தை ஒட்டி வர வேண்டும். வந்தது 1280.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காம்போவில் வந்த சார்ஜர் பி3 என்ற சின்ன வகை. மூன்று விளக்கு சிவப்பாக எரியும், நிறைந்ததும் பச்சையாகும், அவ்வளவுதான். எத்தனை எம்ஏஎச் ஏறியது என்று காட்ட அதில் திரையே கிடையாது. புதிதாக வாங்குபவரிடம் வேறு சார்ஜர் இருக்காது, ஆகவே பேட்டரி பொய் சொல்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியப்போவதே இல்லை. பேட்டரியையும் சார்ஜரையும் ஜோடியாக விற்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தீப்பிடிக்கும் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்றால், லிப்போவைச் சாதாரணமாக அதன் கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டத்தில்தான் ஏற்றுவோம். 2200 என்றால் 2.2 ஆம்பியர். ஸ்டிக்கரை நம்பி, நாளை பையன் ஒரு நல்ல சார்ஜர் வாங்கி 2.2 வைத்திருந்தால், உள்ளே இருக்கும் 1300 செல்லுக்கு அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. தரம் தெரியாத செல்லை அப்படித் தினமும் ஏற்றினால் உப்பும், சூடாகும், ஒருநாள் எரியும். லிப்போ எரிந்தால் தண்ணீர் ஒரு குவளை ஊற்றி அணைக்கிற தீ இல்லை அது. இந்தப் பையன்கள் சார்ஜ் போடுவது படுக்கைக்குப் பக்கத்தில்.

ஸ்டிக்கரில் 40சி என்றும் போட்டிருந்தது, அதாவது கொள்ளளவைப் போல நாற்பது மடங்கு மின்னோட்டம் தரும் என்று அர்த்தம். 2.2 ஆம்பியரை நாற்பதால் பெருக்கினால் 88 ஆம்பியர். அந்த பேட்டரியில் பற்றவைத்திருந்த எக்ஸ்டி60 கனெக்டரே அதிகபட்சம் 60 ஆம்பியர் தாங்கத்தான் செய்யப்பட்டது. அதோடு இணைந்திருந்த வயரோ மொபைல் சார்ஜர் வயர் மாதிரி மெல்லிசு. 88 ஆம்பியரை அந்த வயரில் ஓட்டியிருந்தால் அது உருகியிருக்கும்.

அடுத்து சர்வோ. ஒன்பது கிராம் எஸ்ஜி90 சர்வோவுக்குப் பிளாஸ்டிக் பற்சக்கரம். எம்ஜி90எஸ் என்பது அதே அளவில் உலோகப் பற்சக்கரம் உள்ளது, எடை 13 கிராமுக்குக் கொஞ்சம் கூட. எங்களுக்கு வந்ததில் எம்ஜி90எஸ் என்று எழுதியிருந்தது, வெளியே தெரியும் தண்டும் பித்தளை நிறத்தில் மின்னியது. நான்கு திருகையும் கழற்றி மூடியைத் திறந்தால், வெளித்தண்டின் சக்கரம் மட்டும் உலோகம். மற்றவை எல்லாம் பிளாஸ்டிக். எலிவேட்டர் சர்வோவில் நடுச் சக்கரத்தின் பற்கள் மழுங்கி உதிர்ந்திருந்தன. தராசில் வைத்தால் பத்து கிராம் சொச்சம். இங்கேயும் எடையே காட்டிக்கொடுத்துவிட்டது.

மோட்டாரின் தண்டைக் கையால் சுழற்றினால் வெளிக்கூடு தள்ளாடியது. ப்ரொப்பல்லர் பிடிக்கும் இடத்தில் ஏற்கெனவே முடுக்கிய தடம் இருந்தது. புதிது என்று விற்ற பழையது. ஈஎஸ்சியில் மட்டும் குறை ஒன்றும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் படம் எடுத்து, தராசு காட்டிய எண்ணோடு சேர்த்து அனுப்பினோம். அதுவரை 'ப்ரோ, ப்ரோ' என்று ஐந்து நிமிடத்தில் பதில் போட்டவர், அன்றைக்கு மாலைதான் செய்தியைத் திறந்தார். "பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" எடுத்திருந்தோம், அனுப்பினோம். "கனெக்டர் சொருகிட்டீங்க, இனி ரிட்டர்ன் கிடையாது." கனெக்டரைச் சொருகாமல் பேட்டரியை எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்கு, "ஓட்டத் தெரியாம கீழ போட்டுட்டு எங்க மேல பழி போடாதீங்க" என்று வந்தது. அப்புறம் பையனை பிளாக் செய்துவிட்டார். அவன் என்னைப் பார்த்து, "மாமா, நாம ஒழுங்காத்தானே இறக்குனோம்?" என்று கேட்டான். விமானம் உடைந்தபோதுகூட அவன் முகம் அப்படி வாடவில்லை.

நான் வேறு எண்ணிலிருந்து பேசிப் பார்த்தேன். இது பற்றி எங்கும் எழுத மாட்டோம் என்று சொன்னால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். பையன்தான் வேண்டாம் என்றான்.

இன்னொன்றும் இருக்கிறது. 600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் விமானத்துக்கு 'டிஜிசிஏ சான்றிதழ்' (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகச் சான்று) தருவதாகவும் அதே ஆள் சொல்லியிருக்கிறார். நல்ல வேளையாக அதற்குப் பணம் அனுப்பவில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்குக்கும் கல்விக்கும், கண் பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு மேற்படாத மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. வாட்ஸ்ஆப்பில் பிடிஎஃப் விற்கிறவர் தர முடிகிற சான்றிதழும் எதுவும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் இடம் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களில் எதில் வருகிறது என்பதை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. விமான நிலையம், படைத்தளம் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்திருக்கிறோம். அங்கே முதலில் கேட்டது பில். எங்களிடம் இருப்பது ஒரு தனிநபர் பெயருக்குப் போன யூபிஐ ரசீதும் உரையாடலின் படங்களும்தான். 2020 மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் பொருள் விற்பவர் தன் சட்டப்பூர்வமான பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரியின் விவரம் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு கைபேசி எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. புகார் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். ஜிஎஸ்டி எண்ணோடு பில் தராதவரிடம் பேட்டரி வாங்காதீர்கள். காம்போ வேண்டாம், ஒவ்வொன்றாக வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெரு மாதிரி நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்க்கும் இடத்தில் மோட்டாரைச் சுழற்றிப் பார்த்து வாங்கலாம். முன்னூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னத் தராசு ஒன்றை மோட்டாருக்கும் முன்பே வாங்குங்கள். பணம் அனுப்பும் முன், தராசின் மேல் பேட்டரியை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான கடைக்காரர் அரை நிமிடத்தில் அனுப்பிவிடுவார். பி3 சார்ஜருக்குப் பதில் எம்ஏஎச் காட்டும் சார்ஜர் வாங்கக் கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே இந்த மாதிரி பேட்டரி உங்கள் கையில் இருந்தால், அதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கத்தியால் கீறவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே, மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து, 12 வோல்ட் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்து விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பல்பு முழுதாக அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். பிறகு இரண்டு முனையிலும் தனித்தனியாக டேப் சுற்றி, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். குப்பை வண்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மிச்சம் கொஞ்சம் மின்சாரம் இருந்து நசுங்கினால் அதை அள்ளுகிறவரின் கையருகேதான் தீப்பிடிக்கும்.