தமிழில் பேசினாளே என்று நம்பி 96 பவுண்டு கொடுத்தேன்

எழுதும்போது கை இன்னும் நடுங்குகிறது. முந்தாநாள்தான் நடந்தது. வேல்ஸில் கார்டிஃப் பக்கம் இருக்கிற நம்மவர்கள், வீட்டில் கேக், ரொட்டி சுட்டு விற்பவர்களிடம் ஆர்டர் கொடுப்பவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மார்ச் 1 புனித டேவிட் நாள், வேல்ஸ்காரர்களுக்குப் பெரிய நாள். அன்றைக்குத்தான் எங்கள் வார்டு சீனியர் சிஸ்டருக்கு வழியனுப்பு விழாவும். மதுரையிலிருந்து நான் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், நைட் ட்யூட்டி இடைவேளையில் ஒரு துண்டு பாரா ப்ரீத் வெட்டி, உப்பு வெண்ணெயைக் கனமாகத் தடவி என் கையில் கொடுத்தவர் அவர். வெல்ஷ் மொழியில் பாரா என்றால் ரொட்டி, ப்ரீத் என்றால் புள்ளி விழுந்தது; உலர்ந்த திராட்சையை டீயில் ஊற வைத்துச் செய்கிற, கேக் மாதிரியான இனிப்பு ரொட்டி. அவருடைய வழியனுப்புக்கு அதைத்தான் வைக்க வேண்டும் என்று நான்தான் முன்வந்து சொன்னேன். வேண்டியது 12 லோஃப், அதாவது 12 முழு ரொட்டி. எனக்கு வாரம் முழுக்க நைட், வீட்டில் இருப்பதோ இரண்டு டின் மட்டும் கொள்ளும் ஓவன். அதனால்தான் வெளியே தேடினேன்.

அக்கம்பக்கத்தில் வாங்க, விற்க என்று ஒரு ஆப் இருக்கிறது. அதில் ஒரு விளம்பரம். போன் போட்டால் தமிழ்! "அக்கா, மதுரையா? எங்க அம்மாவுக்கும் மதுரைதான்" என்றாள். எனக்கு அங்கேயே மனசு இளகிவிட்டது. பழத்தை எவ்வளவு நேரம் ஊற வைப்பீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி முழுக்க டீயில ஊறும்க்கா" என்று சொல்லி, கண்ணாடிக் கிண்ணத்தில் கறுப்பு டீக்குள் திராட்சை மிதக்கிற படம் ஒன்றை அனுப்பினாள். ஒன்று 8 பவுண்டு, 12க்கு 96 பவுண்டு. "பழம் மொத்தமா வாங்கணும்க்கா, காசு முழுசா போட்டுடுங்க."

பணம் போடும்போது, கணக்கிலுள்ள பெயர் பொருந்தவில்லை என்று வங்கி ஆப் எச்சரித்தது. கேட்டேன். "வீட்டுக்காரர் அக்கவுண்ட்க்கா, பயப்படாதீங்க." அனுப்பிவிட்டேன். வங்கியே நில் என்று சொல்லியும் நிற்காமல் போனேனே என்பதுதான் இப்போதும் நெஞ்சை அறுக்கிறது.

செய்து, சுற்றி இரண்டு நாள் வைத்தால்தான் பாரா ப்ரீத் பதமாகும். அதனால் 26ஆம் தேதியே வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வந்தது 28 சாயங்காலம். ஒரு அட்டைப் பெட்டி, வாசலில். மணிகூட அடிக்கவில்லை.

முதல் லோஃபை வெட்டினேன். கத்தியில் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் குழி. மேலே தெரிந்த திராட்சை கரிந்து கசந்தது, உள்ளே இருந்தது கல் மாதிரி பல்லில் பட்டது. டீ வாசனை துளியும் இல்லை. வெனிலா எசென்ஸ் வாடைதான் குப்பென்று அடித்தது. கறுப்பு நிறத்துக்குக் கோகோ போட்டிருக்கிறார்கள், வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: சிஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறையில் வெண்ணெயும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. அந்த ஈரம் முழுக்க டீ குடித்து உப்பிய பழத்திலிருந்துதான் வர வேண்டும். 400 கிராம் பழத்துக்கு 300 மில்லி பால் விடாத ஸ்ட்ராங் டீ, 100 கிராம் நாட்டுச்சர்க்கரை நிறத்துப் பழுப்புச் சர்க்கரை, ராத்திரி முழுக்க ஊறல். காலையில் 250 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா), ஒரு முட்டை, கேக்குக்குப் போடுகிற மசாலாப் பொடி கொஞ்சம். இளஞ்சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஊறாத பழத்தைப் போட்டால் மாவிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சும், மேலே இருப்பது எரியும். அவள் ஊறவே வைக்கவில்லை. ஒன்றில்தான் கோளாறோ என்று 12ஐயும் வெட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் அதே கதி.

போன் செய்தேன். முதலில் "ஓவன்ல பிரச்சினைக்கா" என்றாள். அடுத்து "நீங்க வச்ச இடம் சரியில்ல". அதற்கடுத்து சொன்னாளே ஒரு வார்த்தை: "ஈரமா இருந்தாத்தான்க்கா அது பாரா ப்ரீத்." வேகாத மாவை ஈரம் என்கிறாள்! நாளைக்குப் பேசுகிறேன் என்றவள் மறுநாள் என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாள்.

ஆப்காரர்களோ, பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வங்கியில் நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்தேன். பொருள் கைக்கு வந்துவிட்டதே, அதனால் இது மோசடி ஆகாது, உங்கள் இருவருக்குள் உள்ள தகராறு என்றார்கள். அக்டோபர் 2024லிருந்து மோசடிப் பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறதே என்றேன். அந்த விதியிலும் முதல் 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாமாம். என்னுடையது 96. ஒரு பென்னிகூடத் திரும்பாது.

காலையில் ட்யூட்டி முடிந்து, தூங்காமல், சூப்பர் மார்க்கெட்டில் வெல்ஷ் கேக் பாக்கெட் வாங்கிப் போய் வைத்தேன். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, என் தோளைத் தட்டினார். அந்த 96 பவுண்டு வார்டில் எல்லோரும் சேர்ந்து போட்ட காசு. இப்போது என் சம்பளத்திலிருந்து கொடுக்கிறேன்.

சரி, ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது, வேகமாகச் சொல்கிறேன். முழுப் பணம் முன்னாடி தராதீர்கள். பெயர் பொருந்தவில்லை என்று வங்கி சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் செய்து விற்பவர்களும் இங்கே கவுன்சிலில் பதிய வேண்டும், சுகாதார மதிப்பெண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள். நான் இப்போதுதான் தேடினேன், அவள் பெயரில் ஒன்றுமே இல்லை. கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன். அந்த விளம்பரம் இந்த நிமிடம் வரை ஆப்பில் அப்படியே இருக்கிறது, அதே கண்ணாடிக் கிண்ணப் படத்தோடு. ஈஸ்டருக்கு ஆர்டர் எடுக்கிறாளாம்.